கல்விசார் ஆங்கிலச் சொல்வளம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதுகிறவர்களின் வரைவுகளைப் படித்துத் திருத்திக் கொடுப்பது பல ஆண்டுகளாக என் வேலை. திருத்திய தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது எதிரே உட்கார்ந்திருப்பவர் கேட்கும் கேள்விகள் ஆளுக்கு ஆள் அதிகம் மாறுவதில்லை. அவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் சொல் பிடிபட்டுவிடும்.

கல்விசார் சொல் என்றால் கலைச்சொல்தானே?

இல்லை. குழப்பமே இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒரு தாவரவியல் பாடநூலைத் திறந்தால் மூன்று வகைச் சொற்கள் கலந்து கிடக்கும். ‘லீஃப்’, ‘வாட்டர்’, ‘லைட்’ போன்றவை எல்லோருக்கும் பொது. ‘ஃபோட்டோசிந்தசிஸ்’, ‘குளோரோபில்’ போன்றவை அந்தத் துறையின் கலைச்சொற்கள். இவை இரண்டுக்கும் நடுவே ‘ரிக்வயர்’, ‘ப்ராசஸ்’, ‘வேரி’, ‘இண்டிகேட்’, ‘ஃபாக்டர்’ என்று ஒரு கூட்டம் இருக்கும். அது தாவரவியலிலும் வரும், சட்டத்திலும் வரும், பொருளாதாரத்திலும் வரும். எந்தத் துறைக்கும் சொந்தமில்லாமல் எல்லாத் துறைகளுக்கும் உழைக்கும் இந்த நடுக்கூட்டத்தைத்தான் கல்விசார் சொற்கள் என்கிறோம்.

கலைச்சொல்லைப் பாடநூல் தடித்த எழுத்தில் அச்சிட்டு விளக்கம் சொல்லிவிடும். வகுப்பில் ஆசிரியரும் சொல்வார். நடுக்கூட்டத்தை யாரும் விளக்குவதில்லை. எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்ற நினைப்பு. மாணவர் தடுக்கி விழுவது பெரும்பாலும் அங்கேதான். ‘குளோரோபில்’ என்பதை நன்றாகச் சொல்கிறவர், ‘இது அதைச் சார்ந்து மாறுகிறது’ என்று எழுத வேண்டிய இடத்தில் திணறுவார்.

பேச்சுக்கு ஒரு மொழியும் எழுத்துக்கு ஒரு மொழியும் வைத்துப் பழகிய நமக்கு இது புரியாத சங்கதி ஆகாது. பேச்சில் கேட்பவர் எழுத்தில் வினவுகிறார். பேச்சில் காட்டுபவர் எழுத்தில் சுட்டுகிறார். ஆங்கிலத்தின் எழுத்து வழக்குக்கும் அப்படி ஒரு தனிச் சொற்கிடங்கு உண்டு, அவ்வளவுதான்.

மொத்தம் எத்தனை சொற்கள் தெரிந்திருக்க வேண்டும்?

நியூசிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஆவரில் காக்ஸ்ஹெட் தொகுத்த கல்விசார் சொற்பட்டியல் 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. கலை, வணிகவியல், சட்டம், அறிவியல் என்ற நான்கு புலங்களில் 28 துறைகளிலிருந்து ஏறத்தாழ 35 லட்சம் சொற்கள் அளவுக்கு எழுத்துகளைத் திரட்டினார். பொதுவான முதல் 2000 சொற்களை ஒதுக்கிவிட்டு, எல்லாப் புலங்களிலும் பரவலாக வருபவற்றை மட்டும் எடுத்தார். தேறியவை 570 சொற்குடும்பங்கள். கல்வி எழுத்தில் பத்துச் சொல்லுக்கு ஒன்று இந்த 570-க்குள் அடங்கிவிடுகிறது. கதைகளை எடுத்து அதே பட்டியலை வைத்து எண்ணியபோது 1.4 விழுக்காடுதான் வந்தது. நாவல் படித்தே கல்விசார் ஆங்கிலம் கற்றுவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

அவர் ஒதுக்கிவைத்த அந்த 2000 பொதுச்சொற்களும் ஒரு பட்டியலிலிருந்து வந்தவையே. 1953-இல் மைக்கேல் வெஸ்ட் வெளியிட்டது அது. வெஸ்ட் வங்காளத்தில் கல்விப் பணியில் இருந்தவர். வேற்றுமொழிப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கப் படும் பாட்டை நேரில் கண்டவர். அந்த 2000 சொற்களில் ஓட்டை இருந்தால் 570-ஐத் தொடாதீர்கள். அடித்தளம் ஆடும்போது மாடி கட்டிப் பயனில்லை.

இரண்டையும் சேர்த்தால் கல்வி நூல்களில் சுமார் 86 விழுக்காடு. மீதியில் உங்கள் துறைக் கலைச்சொற்களும் ஆள்பெயர், ஊர்ப்பெயர்களும் அபூர்வச் சொற்களும் இருக்கும். யாருடைய உதவியும் இல்லாமல் சரளமாகப் படிக்க ஒரு பக்கத்தில் 98 விழுக்காடு சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று கொண்டு, அதற்கு 8000 முதல் 9000 சொற்குடும்பங்கள் தேவை எனச் சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் 2006-இல் கணக்கிட்டார். 95 விழுக்காடு தெரிந்தால் போதாதா, 95-க்கும் 98-க்கும் மூன்று விழுக்காடுதானே வித்தியாசம் என்று தோன்றும். 300 சொற்கள் கொண்ட பக்கத்தில் முதலாவது பதினைந்து தெரியாத சொற்கள், இரண்டாவது ஆறு. பதினைந்து இடத்தில் நின்று நின்று படிப்பவருக்குப் பத்தி முடியும்போது தொடக்கம் மறந்துபோயிருக்கும்.

‘சொற்குடும்பம்’ என்று சொல்கிறீர்களே, அது என்ன?

‘அனலைஸ்’ என்ற வினை இருக்கிறது. அதிலிருந்து ‘அனாலிசிஸ்’, ‘அனலிஸ்ட்’, ‘அனலிட்டிகல்’, ‘அனலிட்டிகலி’ என்று கிளை பிரிகிறது. இவை எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம். ஆகவே 570 என்பது உண்மையில் சுமார் 3000 சொல்வடிவங்கள். பள்ளியில் பகுபதம் பிரித்த பழக்கம் இங்கே கைகொடுக்கும். பகுதி தெரிந்து, விகுதிகள் என்ன வேலை செய்கின்றன என்று தெரிந்தால், முன்பின் பார்க்காத வடிவமும் வழிவிடும்.

அப்படியானால் 570-ஐயும் மனப்பாடம் செய்துவிட்டால் போதுமே?

நிகண்டை உருப்போட்டுச் சொல் கற்ற பரம்பரை நம்முடையது. அதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நிகண்டு செய்யுள் வடிவில் இருந்தது. சொற்கள் ஓசையோடும் இனத்தோடும் சேர்ந்து மனத்தில் இறங்கின. ஆங்கிலப் பட்டியலில் அதெல்லாம் கிடையாது. ஒரு சொல், எதிரே ஒரு பொருள்.

மாணவனாக இருந்தபோது நானும் அப்படி ஒரு நோட்டுப்புத்தகம் வைத்திருந்தேன். பக்கத்தின் நடுவில் கோடு. இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். ஆயிரத்துக்கு மேல் சேர்த்திருந்தேன், பெருமையாகவும் இருந்தது. பல ஆண்டுகள் கழித்து எடுத்துப் பார்த்தபோது ‘கான்ஸ்டிட்யூட்’ என்ற சொல்லுக்கு எதிரே ‘அமை’ என்று இருந்தது. நான்கு பக்கம் தள்ளி ‘கன்சிஸ்ட்’: ‘அமை’. இன்னும் தள்ளி ‘எஸ்டாப்ளிஷ்’: ‘அமை’. ‘ஃபார்ம்’: ‘அமை’. ‘ஸ்ட்ரக்சர்’ மட்டும் கொஞ்சம் பிழைத்து ‘அமைப்பு’ ஆகியிருந்தது. ஐந்து சொற்களைக் கற்றதாக நினைத்துக்கொண்டு ஒரே தமிழ்ச்சொல்லை ஐந்து முறை எழுதியிருக்கிறேன்.

உண்மையில் அவை ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் கூடப் போகும். ஒரு குழுவில் ஒன்பது உறுப்பினர் இருந்தால், குழு ஒன்பது பேரை ‘கன்சிஸ்ட்ஸ் ஆஃப்’. அந்த ஒன்பது பேர் குழுவை ‘கான்ஸ்டிட்யூட்’. முழுமையை எழுவாயாக வைத்தால் ஒரு வினை, பகுதிகளை எழுவாயாக வைத்தால் வேறு வினை. வலப்பக்கத்து ‘அமை’ இதில் எதையும் சொல்லித்தரவில்லை.

பட்டியலைச் சரிபார்க்கும் தாளாக வைத்துக்கொள்ளுங்கள். நூறு சொற்களை ஓட்டிப் பார்த்து, சந்தேகம் வருபவற்றுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு உங்கள் துறை நூலைப் படிக்கும்போது புள்ளி வைத்த சொல் எதிரே வந்து நிற்கும். கற்க வேண்டிய நேரம் அதுதான்.

வேறு பட்டியல்களும் இருக்கின்றனவே, எதை எடுப்பது?

2014-இல் டீ கார்ட்னரும் மார்க் டேவிஸும் வெளியிட்ட பட்டியல் 12 கோடிச் சொற்கள் கொண்ட கல்வி எழுத்துத் தொகுப்பிலிருந்து உருவானது. ஏறத்தாழ 3000 சொற்கள் கொண்டது. காக்ஸ்ஹெட்டின் பட்டியல் சிறியது, இது விரிவானது. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். பட்டியல்களை ஒப்பிட்டு மூன்று மாதம் கழித்துவிட்டு ஒரு சொல்கூடக் கற்காதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு சொல் எனக்குத் தெரியும் என்று எப்போது சொல்லலாம்?

‘எவிடென்ஸ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பொருள் கேட்டால் சான்று, ஆதாரம் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் என் மேசைக்கு வரும் வரைவுகளில் இரண்டில் ஒன்றிலாவது ‘மெனி எவிடென்ஸஸ்’ என்று இருக்கும். காரணம் தெளிவு: தமிழில் சான்றை எண்ணலாம். மூன்று சான்றுகள், பல ஆதாரங்கள். ஆங்கிலத்தில் அது தண்ணீரைப் போல எண்ண முடியாத பெயர். ‘மச் எவிடென்ஸ்’ என்றோ ‘எ பீஸ் ஆஃப் எவிடென்ஸ்’ என்றோதான் அளக்க வேண்டும். இதே வரிசையில் ‘ரிசர்ச்’, ‘இன்ஃபர்மேஷன்’, ‘எக்விப்மென்ட்’, ‘அட்வைஸ்’ ஆகியவையும் நிற்கின்றன. ஆய்வுகள், தகவல்கள், கருவிகள், அறிவுரைகள் என்று தமிழ் தாராளமாகப் பன்மை கொடுப்பதால் நம் கை தானாக ஒரு ‘எஸ்’ போட்டுவிடுகிறது.

அடுத்தது உருபு. ஒரு கருதுகோளுக்கு ஆதரவான சான்று என்றால் ‘எவிடென்ஸ் ஃபார்’. ஒன்று நிகழ்ந்திருப்பதற்கான அடையாளம் என்றால் ‘எவிடென்ஸ் ஆஃப்’. சரிவு ஏற்பட்டிருப்பது தெரிகிறது என்றால் அங்கே ‘ஆஃப்’ வரும்.

பிறகு கூட்டாளிகள். சான்று வலுவாக இருந்தால் ‘ஸ்ட்ராங்’. ‘பவர்ஃபுல்’ போட்டால் பிழையில்லை, ஆனால் அவ்வளவாகப் பொருந்தாது. அனுபவத் தரவிலிருந்து வந்தால் ‘எம்பிரிகல்’, முடிவைத் தீர்மானிப்பதாக இருந்தால் ‘கன்க்ளூசிவ்’. அதைத் தருவதற்கு ‘ப்ரொவைட்’, திரட்டுவதற்கு ‘கேதர்’. இன்னொன்று: தமிழில் சான்றுகள் காட்டும், ஆங்கிலத்தில் ‘எவிடென்ஸ் சஜெஸ்ட்ஸ்’ என்று பணிவாகவே பேசும்.

எண்ணலாமா, பின்னால் எந்த உருபு, பக்கத்தில் யார், எவ்வளவு அழுத்தம். இந்த நான்குக்கும் பதில் சொல்ல முடிந்தால் அந்தச் சொல் உங்களுடையது. இப்படி 100 சொற்களை வசப்படுத்தியவர், அரைகுறையாக 1000 தெரிந்தவரைவிட நன்றாக எழுதுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஒரு சொல்லோடு எது சேரும் என்பதை எங்கே பார்ப்பது?

சொற்சேர்க்கைக்கென்றே அகராதிகள் இருக்கின்றன. அதைவிட எனக்குப் பிடித்தது தற்கால அமெரிக்க ஆங்கிலத் தொகுப்பு. 100 கோடிச் சொற்கள் கொண்டது, இணையத்தில் தேடலாம். சொல்லைக் கொடுத்துக் கல்வி எழுத்துப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்தால், அதற்கு முன்னும் பின்னும் அடிக்கடி வருபவை வரிசையாக வந்து நிற்கும். ‘டூ ரிசர்ச்’, ‘மேக் ரிசர்ச்’, ‘கண்டக்ட் ரிசர்ச்’ மூன்றில் எது என்ற வழக்கு இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். ‘கண்டக்ட்’ வெல்லும், ‘டூ’ பேச்சில் பரவாயில்லை, ‘மேக்’ அறவே வேண்டாம்.

ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதச் சங்கடமாக இருக்கிறது. ஒத்த பொருள்சொல் போட்டு மாற்றலாமா?

கலைச்சொல்லை மாற்றவே மாற்றாதீர்கள். முதல் பத்தியில் ‘மெத்தட்’ என்றும் அடுத்ததில் ‘டெக்னிக்’ என்றும் எழுதினால், இரண்டும் வேறோ என்று தேர்வாளர் கேட்பார். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு.

மற்றவர் கருத்தை எடுத்துச்சொல்லும் வினைகளில் இன்னும் கவனம் வேண்டும். தமிழில் ஒருவர் ஒன்றை ‘சுட்டிக்காட்டுகிறார்’ என்றால், அது உண்மைதான் என்று எழுதுபவரும் ஒப்புக்கொள்கிறார். ‘வாதிடுகிறார்’ என்றால் எழுதுபவர் ஒதுங்கி நிற்கிறார். ‘என்று சொல்லிக்கொள்கிறார்’ என்றால் உதட்டோரம் ஒரு சிரிப்பு இருக்கிறது. ஆங்கிலத்திலும் அப்படியே. ‘பாயின்ட்ஸ் அவுட்’, ‘நோட்ஸ்’ என்றால் ஏற்றுக்கொண்டீர்கள். ‘ஆர்க்யூஸ்’ என்றால் நடுநிலை. ‘க்ளெய்ம்ஸ்’ என்றால் பெரும்பாலும் ஐயம் தொனிக்கும். தம் நெறியாளரின் கட்டுரையையே ‘க்ளெய்ம்ஸ்’ போட்டு மேற்கோள் காட்டி, எதற்குத் திட்டு வாங்கினோம் என்று தெரியாமல் வந்து நின்ற ஒருவர் நினைவுக்கு வருகிறார். மாறுதலுக்காகப் போட்டதாம்.

முடிவைச் சொல்லும் வினைகளுக்கும் படிநிலை உண்டு. ‘சஜெஸ்ட்’ மென்மையானது, ‘இண்டிகேட்’ அதற்கு மேல், ‘ஷோ’, ‘டெமான்ஸ்ட்ரேட்’ உறுதியானவை, ‘ப்ரூவ்’ உச்சி. கணிதத்துக்கு வெளியே ‘ப்ரூவ்’ எழுதும் முன் ஒரு முறை எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். நாற்பது பேரிடம் வினாநிரல் கொடுத்து எடுத்த ஆய்வு எதையும் ‘ப்ரூவ்’ செய்யாது. ‘எனலாம்’, ‘எனத் தோன்றுகிறது’, ‘வாய்ப்புண்டு’ என்று தமிழ் உரைநடை பின்வாங்கும் இடங்களில் ஆங்கிலம் ‘மே’, ‘அப்பியர்ஸ் டு’, ‘இஸ் லைக்லி டு’ என்று பின்வாங்குகிறது. இது கோழைத்தனம் ஆகாது. தரவு எவ்வளவு தாங்குமோ அவ்வளவே சுமை ஏற்றுவது.

தமிழில் யோசித்து எழுதுவதால் வரும் பிழைகள் எவை?

நிறைய. அடிக்கடி பார்ப்பவற்றை மட்டும் சொல்கிறேன். ‘டிஸ்கஸ் அபௌட்’ முதலிடம். ‘அதைப் பற்றி விவாதித்தனர்’ என்பதில் இருக்கும் ‘பற்றி’ அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. ‘டிஸ்கஸ்’ நேராகச் செயப்படுபொருளைப் பிடிக்கும். இடையில் யாரும் வேண்டாம். ‘எம்ஃபஸைஸ் ஆன்’ என்பதும் அவ்வாறே, ‘அதன்மீது அழுத்தம் கொடுத்தார்’ என்பதன் நிழல். ‘என் கருத்துப்படி’ என்பதை ‘அக்கார்டிங் டு மீ’ ஆக்குவது இன்னொன்று. அந்தத் தொடர் பிறருக்குரியது. தனக்குத்தானே மேற்கோள் காட்டுவது போல் ஒலிக்கும்.

‘டௌட்’ நுட்பமானது. தமிழில் சந்தேகம் என்றால் கேள்வியும்தான், அவநம்பிக்கையும்தான். கருத்தரங்கில் எழுந்து ‘ஐ ஹாவ் எ டௌட்’ என்றால் நாம் விளக்கம் கேட்கிறோம்; ஆங்கிலத்தில் பழகிய காதுக்கோ ‘நீங்கள் சொல்வதை நம்பவில்லை’ என்று கேட்கக்கூடும். விளக்கம் வேண்டுமானால் ‘க்வெஸ்சன்’ போதும்.

தெரிந்த சொல்தான், ஆனாலும் வாக்கியம் புரியவில்லை. ஏன்?

அந்தச் சொல் வேறு வேலையில் இருக்கிறது. ‘ஆர்க்யூமென்ட்’ என்றதும் சண்டை நினைவுக்கு வரும். கட்டுரையில் அது காரணங்களோடு கட்டிய வாதம். ‘கிரிட்டிகல்’ என்றால் குறை சொல்வது மட்டுமில்லை, எடைபோட்டுப் பார்ப்பது. ‘லிட்டரேச்சர் ரிவ்யூ’வில் இலக்கியம் எதுவும் கிடையாது, முன்னோர் எழுதிய ஆய்வுகளின் மதிப்பீடு அது. புள்ளியியலில் ‘சிக்னிஃபிகன்ட்’ என்றால் முக்கியமான என்று பொருள் இல்லை. தற்செயலாக மட்டுமே இப்படி ஒரு முடிவு கிடைத்திருப்பது அரிது என்று பொருள். மிகச் சிறிய, யாருக்கும் உதவாத வேறுபாடும் ‘சிக்னிஃபிகன்ட்’ ஆக இருக்கலாம். அறிமுகமில்லாத சொல் நம்மை நிறுத்திவிடும். அறிமுகமான சொல் நிறுத்தாமல் தவறான வழியில் அனுப்பிவிடும். இரண்டாவதுதான் ஆபத்து.

லத்தீன், கிரேக்க வேர்களைப் படித்தால் பயனுண்டா?

உண்டு, அளவோடு. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் பிரெஞ்சுச் சொற்கள் நுழைந்தன. மறுமலர்ச்சிக் காலத்தில் அறிஞர்கள் லத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் அள்ளிக்கொண்டு வந்தார்கள். அதனால்தான் பெயர்ச்சொல் ஒரு குலமும் பெயரடை வேறு குலமுமாக இருக்கின்றன. பல் ‘டூத்’, பல் சார்ந்தது ‘டென்டல்’. சூரியன் ‘சன்’, சூரியன் சார்ந்தது ‘சோலார்’. ‘ஆண்டு’ என்றும் ‘வருடாந்திர’ என்றும் எழுதிப் பழகிய நமக்கு இதில் வியப்பில்லை.

‘ட்யூஸ்’ என்ற பகுதிக்கு இட்டுச்செல்வது என்று பொருள். ‘இன்ட்ரட்யூஸ்’ உள்ளே இட்டுச்செல்வது, ‘ரெட்யூஸ்’ பின்னுக்கு இட்டுச்செல்வது, ‘டிட்யூஸ்’ ஒன்றிலிருந்து இறங்கி வருவது. ‘ஹைப்பாதசிஸ்’ என்பதைப் பிரித்தால் ‘அடியில் வைத்தது’ என்று வரும். ஆய்வுக்கு அடியில் வைத்த கல். இப்படிப் பிரித்துப் பார்த்த சொல் சீக்கிரம் மறக்காது.

ஆனால் வேரை வைத்தே பொருளைத் தீர்மானித்துவிடாதீர்கள். ‘இன்ஃப்ளேமபிள்’ என்றால் தீப்பற்றாதது என்று எண்ணிப் பக்கத்தில் போனால் கதை முடிந்தது. எளிதில் தீப்பற்றுவது என்றே பொருள். ‘இன்வேல்யுவபிள்’ மதிப்பில்லாதது ஆகாது. நம் ‘விலைமதிப்பற்ற’ போலவே மதிப்பிட முடியாத அளவு உயர்ந்தது.

படிக்கும்போது தெரியாத சொல் வந்தால் உடனே அகராதி பார்க்க வேண்டுமா?

வேண்டாம். கோடிட்டுவிட்டு மேலே போங்கள். அதே சொல் அந்த அத்தியாயத்தில் மூன்றாம் முறை வந்தால் அகராதியைத் திறக்கலாம். ஒரு முறை வந்து போகிறவருக்கெல்லாம் விருந்து வைக்கத் தேவையில்லை. வாக்கியத்தின் உயிரே அந்தச் சொல்லில் இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் விதிவிலக்கு.

ஆங்கிலம்–தமிழ் அகராதியா, ஆங்கிலம்–ஆங்கிலம் அகராதியா?

இரண்டும். பொருளைச் சட்டென்று பிடிக்கத் தமிழ் அகராதி போல் எதுவும் உதவாது. அதைப் பார்ப்பது கௌரவக் குறைச்சல் என்பாரின் பேச்சைக் கேட்காதீர்கள். எழுதப்போகிற சொல்லுக்கு மட்டும், அயல்மொழியினருக்காகத் தொகுத்த ஆங்கில அகராதியைத் திறங்கள். அவற்றில் விளக்கங்கள் 2000, 3000 எளிய சொற்களுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். எண்ணத்தக்க பெயரா என்ற குறிப்பும் எடுத்துக்காட்டு வாக்கியமும் இருக்கும்.

எவ்வளவு படித்தாலும் மறந்துபோகிறது. என்ன செய்வது?

மறப்பது இயல்பு. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். முதல் நாளுக்குள்ளேயே பெரும்பகுதி போய்விடுகிறது. அதற்குப் பின் மறதி மெதுவாகிறது. ஒரே இரவில் ஐம்பது முறை சொல்வதைவிட நாளை, மூன்றாம் நாள், அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று இடைவெளி விட்டு ஐந்து முறை நினைவுகூர்வது நிற்கும்.

இதற்கு 1972-இல் செபாஸ்டியன் லைட்னர் சொன்ன பெட்டி முறை எளிது. அட்டைகளை ஐந்து அறைகளில் வைப்பது. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்குத் திரும்பும். பின்னறைகளை எப்போதாவதுதான் திறப்போம். கைபேசிச் செயலிகள் செய்வதும் இதன் நுட்பமான வடிவமே.

அட்டையில் என்ன எழுதுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முன்பக்கம் சொல், பின்பக்கம் ‘அமை’ என்று எழுதினால் என் பழைய நோட்டுப்புத்தகம் அட்டை வடிவம் எடுக்கும், அவ்வளவுதான். நீங்கள் படித்த நூலிலிருந்தே வாக்கியத்தை எடுத்து, அந்தச் சொல் இருக்கும் இடத்தைக் கோடாக்கி முன்பக்கம் எழுதுங்கள். கோட்டை நிரப்புவதுதான் பயிற்சி.

படித்தால் புரிகிறது, எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லையே?

எல்லோருக்கும் அடையாளம் தெரிந்த சொற்கள் அதிகம், கைக்கு வரும் சொற்கள் குறைவு. தாய்மொழியிலும் இப்படித்தான். சங்கப் பாடலை உரையோடு படித்து ரசிக்கிற நாம் அந்தச் சொற்களில் கடிதம் எழுதுவதில்லை.

நான் சொல்லும் பயிற்சி இது. உங்கள் துறைக் கட்டுரை ஒன்றின் சுருக்கப் பத்தியை எடுங்கள். ஐந்து சொற்களை அவற்றின் கூட்டாளிகளோடு குறித்துக்கொள்ளுங்கள். கட்டுரையை மூடிவிடுங்கள். மறுநாள் அந்தக் குறிப்பை மட்டும் வைத்துப் பத்தியைத் திரும்ப எழுதுங்கள். பிறகு மூலத்தோடு ஒப்பிடுங்கள். நீங்கள் ‘இன்க்ரீஸ் வெரி மச்’ என்று எழுதிய இடத்தில் அவர் ‘இன்க்ரீஸ் சிக்னிஃபிகன்ட்லி’ என்று எழுதியிருப்பார். அந்த வேறுபாட்டைக் கண்ட நிமிடத்தில் பதிவது எந்தப் பாடத்திலும் பதியாது. கொஞ்சம் வெட்கமாக இருக்கும். வெட்கமும் நல்ல ஆசிரியர்.

அப்படி எடுத்தெழுதினால் கருத்துத் திருட்டு ஆகாதா?

பயிற்சித் தாள் பயிற்சித் தாளாகவே இருக்கட்டும். ‘திஸ் ஸ்டடி எக்ஸாமின்ஸ்’, ‘லிட்டில் இஸ் நோன் அபௌட்’ போன்ற சட்டகங்கள் யாருக்கும் சொந்தமில்லை. சட்டகத்துக்குள் இருக்கும் கருத்தும் தரவும் சொந்தமானவை. அவற்றை எடுத்தால் பெயர் சொல்லித்தான் எடுக்க வேண்டும்.

பெரிய பெரிய சொற்களைப் போட்டால்தானே அறிவாளி என்று மதிப்பார்கள்?

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். டேனியல் ஓப்பன்ஹைமர் என்ற உளவியலாளர் 2006-இல் வெளியான ஆய்வில், ஒரே எழுத்தின் எளிய வடிவையும், வேண்டுமென்றே கடினச் சொற்கள் புகுத்திய வடிவையும் வாசகர்களிடம் கொடுத்தார். கடின வடிவை எழுதியவரைத்தான் வாசகர்கள் அறிவு குறைந்தவராக மதிப்பிட்டார்கள். ‘யூஸ்’ போதுமான இடத்தில் ‘யூட்டிலைஸ்’ போடாதீர்கள். எழுத்து வழக்குச் சொல் துல்லியத்தைக் கூட்டினால் வரட்டும். எடையைக் கூட்ட மட்டும் வருமானால் வெளியே நிற்கட்டும்.

உச்சரிப்பும் முக்கியமா?

வாய்மொழித் தேர்வு இருப்பவருக்கு முக்கியம். தமிழ்ச் சொல்லில் அழுத்தம் பொருளை மாற்றாததால் நாம் எல்லா அசைகளையும் சமமாகச் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் குடும்பத்துக்குள்ளேயே அழுத்தம் நகரும்: ‘அனலைஸ்’ என்பதில் முதல் அசை, ‘அனாலிசிஸ்’ என்பதில் இரண்டாவது, ‘அனலிட்டிகல்’ என்பதில் மூன்றாவது. புதுச்சொல்லைக் காதால் கேட்காமல் அட்டையில் ஏற்றாதீர்கள்.

ஐஇஎல்டிஎஸ், ஜிஆர்இ தேர்வுகளுக்கு இது போதுமா?

ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வில் சொல்வளம் நான்கு அளவுகோல்களில் ஒன்று, கால் பங்கு மதிப்பெண். பொருத்தமாகக் கையாள்வதையும் அங்கே பார்ப்பார்கள். அபூர்வச் சொல்லைத் தப்பாகப் போடுவது உதவாது. ஜிஆர்இ-க்கு எதிர்ச்சொல் பட்டியல் மனப்பாடம் செய்யச் சொல்லும் பழைய கையேடுகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அந்த எதிர்ச்சொல் வினாக்களே 2011-இல் நீக்கப்பட்டுவிட்டன. இப்போது வாக்கியத்துக்குள் வைத்துத்தான் கேட்கிறார்கள்.

எத்தனை நாளாகும்?

வாரத்துக்குப் பத்துக் குடும்பங்கள் என்றால் 570-க்கு 57 வாரம், அதாவது ஓராண்டைவிடச் சற்று அதிகம். நாளைக்குப் பத்து என்று தொடங்கியவர்கள் பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில் காணாமல் போய்விடுகிறார்கள்.

‘அனலைஸ்’ என்பதை ‘எஸ்’ போட்டு எழுதுவதா, ‘இசட்’ போட்டு எழுதுவதா?

பிரிட்டிஷ் வழக்கில் ‘எஸ்’, அமெரிக்க வழக்கில் ‘இசட்’. ‘ஆர்கனைஸ்’, ‘ரியலைஸ்’ போன்றவற்றுக்கு ‘இசட்’ போடும் ஆக்ஸ்ஃபோர்டு எழுத்துமுறைகூட ‘அனலைஸ்’ என்பதில் ‘எஸ்’-ஐத்தான் வைத்துக்கொள்கிறது. உங்கள் பல்கலைக்கழகமோ ஆய்விதழோ எதைக் கேட்கிறது என்று பார்த்து, முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை அதையே எழுதுங்கள். கணினியின் எழுத்துப்பிழை திருத்தியில் எந்த ஆங்கிலம் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். பாதி வரைவுகளில் குழப்பம் செய்வது அதுதான்.